பச்சை லைட்டு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு

(ஆடியோவில் பேசியதை வாசிக்கத் தோதாகக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திய வடிவம். "அதாவது", "ஓகேவா" எல்லாம் பாதிக்கு மேல வெட்டியாச்சு.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "பாபநாசத்துல ஒரு மழைப் பெட்டி வச்சிருந்தேன்னு சொன்னியே, 2023 வெள்ளத்துல அது என்ன ஆச்சு?" அந்தக் கதையை நான் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமா இருக்கும். இன்னைக்கு சொல்லிடறேன். இது மழையைப் பத்தின எபிசோடு மாதிரி ஆரம்பிக்கும். ஆனா உண்மையில ஒரு பட்டன் செல்லையும் ஒரு சின்ன பச்சை லைட்டையும் பத்தினது.

முதல்ல இடம். பாபநாசம்னு சொன்னா உங்களுக்கு கமல் படம்தான் ஞாபகம் வரும், பரவாயில்லை. தாமிரபரணி மலையை விட்டு சமவெளிக்கு இறங்குற இடம் அது. மேல காரையார்ல இருக்கிற அணையைத்தான் பேப்பர்ல "பாபநாசம் அணை"ன்னு போடுவாங்க, முழு உயரம் 143 அடி. பக்கத்துல சேர்வலாறு 156 அடி, கொஞ்சம் தள்ளி மணிமுத்தாறு 118 அடி. நெல்லைக்காரங்க வீட்டுல காலையில பேப்பர் வந்ததும் முதல்ல பார்க்கிறது இந்த மூணு நம்பரைத்தான், ராசிபலன் அப்புறம்தான். அம்பாசமுத்திரத்துல நெல்லு நடலாமா, தூத்துக்குடியில குடிதண்ணி எப்படி இருக்கும், எல்லாத்துக்கும் அந்த நம்பர்தான் பதில்.

எங்க மாமா, அம்மாவோட தம்பி, பாபநாசத்துக்குப் பக்கத்துல வி.கே.புரத்துல இருக்கார். மில்லுல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அவர் வீட்டு மொட்டை மாடியில 2021ல நானும் என் காலேஜ் நண்பனும் சேர்ந்து ஒரு பெட்டி வச்சோம். காரணம் ரொம்ப சிம்பிள். வானிலைத் துறையோட கணக்குல ஒரு நாள் மழைன்னா காலை 8.30 மணியில இருந்து மறுநாள் காலை 8.30 வரைக்கும். நாளைக்கு ஒரு நம்பர். அந்த நம்பர் ஒழுங்கா எடுக்கப்படுது, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா 20 செ.மீ. மழை நாள் முழுக்கப் பெய்ஞ்சதா, இல்ல ராத்திரி மூணு மணி நேரத்துல கொட்டிச்சான்னு அதுல தெரியாது. ஆத்துக்கு அந்த வித்தியாசம் உயிர் போற வித்தியாசம். மணிக்கணக்குல ஒரு பதிவு வேணும்னு ஆசைப்பட்டோம்.

பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு சொல்றேன். மேல ஒரு புனல், அதுக்குக் கீழ சீசா மாதிரி ரெண்டு குட்டிக் கிண்ணம், இதை டிப்பிங் பக்கெட்னு சொல்வாங்க. எங்களோடதுல 0.5 மி.மீ. மழைக்கு ஒரு தடவை கிண்ணம் கவிழும். கவிழும்போது ஒரு காந்தம் ஒரு ரீட் சுவிட்சைத் தாண்டிப் போகும், ஒரு "டிக்". அந்த டிக்கை எண்ண ஒரு மைக்ரோகன்ட்ரோலர். எழுதி வைக்க ஒரு எஸ்டி கார்டு. எப்ப டிக் வந்துச்சுன்னு சொல்ல ஒரு கடிகார சிப்பு. அனுப்ப ஒரு 2ஜி மோடம். இதுக்கெல்லாம் சோறு போட 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒண்ணு, கம்ப்யூட்டர் யுபிஎஸ்ல இருக்குமே அதே கறுப்பு டப்பா. கூடவே 10 வாட் சோலார் பேனல். அப்புறம் பெட்டி மூடியில ஒரு பச்சை எல்இடி. ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை மினுங்கும். அது மினுங்குனா எல்லாம் சரி. மாமாகிட்ட நாங்க சொல்லிக் குடுத்தது அவ்வளவுதான்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. நான் சென்னையில இருந்தேன். இங்க மிக்ஜாம் வந்து ரெண்டு வாரம்கூட ஆகல, எங்க தெருவுல அப்பதான் சேறு காஞ்சிருந்துச்சு. அங்க தெற்க மழை ஆரம்பிச்சது. 18ஆம் தேதி காலை 8.30 வரைக்குமான 24 மணி நேரக் கணக்கு பின்னாடி வந்துச்சு: காயல்பட்டினம் 95 செ.மீ., திருச்செந்தூர் 69, ஸ்ரீவைகுண்டம் 62, மூலைக்கரைப்பட்டி 61, மலை மேல மாஞ்சோலை 55. காயல்பட்டினத்துக்கு இது ஒரு வருஷ மழை அளவு. எங்க பெட்டி அங்க இருந்திருந்தா அந்தக் கிண்ணம் ஒரே நாள்ல 1,900 தடவை கவிழ்ந்திருக்கும். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல நூத்துக்கணக்கான பயணிகளோட மாட்டிக்கிச்சு, உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

மாமாவுக்கு போன் போகல. கரண்ட் இல்ல, டவர் இல்ல. ரெண்டு நாள் கழிச்சு லைன் கிடைச்சப்ப, வீட்டுல எல்லாரும் நல்லாருக்காங்கன்னு தெரிஞ்சதும் நான் கேட்ட அடுத்த கேள்வி பெட்டியைப் பத்தி. (ஆமா, தெரியும். அம்மா இதை இன்னமும் சொல்லிக் காட்டுவாங்க.) மாமா சொன்னார்: "மருமவனே, ஒம் பெட்டிக்கு ஒண்ணும் ஆவல. பச்சை லைட்டு மினுங்கிட்டுத்தான் கெடக்கு. வெசனப்படாத."

பொங்கலுக்கு ஊருக்குப் போய் எஸ்டி கார்டை எடுத்து லேப்டாப்புல போட்டோம். டிசம்பர் 17 மத்தியானம் வரைக்கும் அழகா வரிசையா இருந்துச்சு. அதுக்கு அடுத்த வரியில தேதி: 2000 ஜனவரி 1, நேரம் 00:00:00.

கொஞ்ச வரி போன பிறகு மறுபடியும் 2000 ஜனவரி 1, 00:00:00. இன்னும் கொஞ்சம் போனா மறுபடியும். அந்த ரெண்டு நாள்ல எங்க பெட்டிக்கு ஆறு தடவை இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்திருக்கு. டிக் எல்லாம் இருக்கு. எத்தனை தடவை கிண்ணம் கவிழ்ந்துச்சுன்னு இருக்கு. எப்பன்னு இல்ல. எந்த ஒரு விஷயத்துக்காக அந்தப் பெட்டியை வச்சோமோ அது மட்டும் இல்ல.

ரெண்டு பேட்டரி, ரெண்டு வேலை

இந்த மாதிரி பெட்டியில ரெண்டு பேட்டரி இருக்கும்கிறதை முதல்ல மனசுல வாங்கிக்கணும். பெரிய பேட்டரி வேலை செய்யறதுக்கு. சின்ன பட்டன் செல் ஞாபகம் வச்சுக்கறதுக்கு. மெயின் பவர் போனாலும் கடிகாரம் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கணும், அதுக்குத்தான் அது. ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப் ஞாபகம் இருக்கா? ஒரு சில சிஸ்டத்தை ஆன் பண்ணா தேதி எங்கேயோ பத்து வருஷம் பின்னாடி நிக்கும், பிரவுசர்ல எந்த சைட்டைத் திறந்தாலும் "பாதுகாப்பானது இல்ல"ன்னு அலறும். மதர்போர்டுல இருக்கிற பட்டன் செல் செத்துப்போச்சுன்னு அர்த்தம். நாங்க அப்ப வைரஸ்னு நினைச்சோம்.

எங்க கடிகார சிப்பு டிஎஸ்3231. நல்ல சிப்பு. மெயின் பவர் இல்லாம நேரத்தை மட்டும் காப்பாத்த அதுக்கு அதிகபட்சம் 3 மைக்ரோ ஆம்பியர் போதும். ஒரு சிஆர்2032 செல்லுல சுமார் 225 மில்லி ஆம்பியர்-அவர் இருக்கும். வகுத்துப் பாருங்க, 75,000 மணி நேரம். எட்டரை வருஷம். இதை நம்பித்தான் நாங்க "பட்டன் செல்லை மறந்துடலாம்"னு முடிவு பண்ணுனோம். எங்க செல் ரெண்டு வருஷம் கூடத் தாங்கல. பெட்டியைத் திறந்து பார்த்தா, செல் லேசா உப்பி, ஓரத்துல வெள்ளையா பூத்திருந்துச்சு.

ஏன்னு தேடிப் போனப்பதான் இந்தக் கதையிலயே எனக்குப் பிடிச்ச பகுதி வந்துச்சு. மார்க்கெட்ல மலிவா கிடைக்கிற நீல நிற டிஎஸ்3231 மாட்யூல் இருக்கே, அதுல ஒரு டயோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் வழியா மெயின் பவரை பட்டன் செல்லோட இணைச்சிருப்பாங்க. எதுக்குன்னா, அந்த மாட்யூலை டிசைன் பண்ணவங்க மனசுல இருந்தது எல்ஐஆர்2032, சார்ஜ் ஏத்தக்கூடிய செல். சைஸ் அதே சைஸ். ஆனா நாம வாட்ச் கடையில வாங்குறது சிஆர்2032, சார்ஜ் ஏத்தவே கூடாத செல். 5 வோல்ட் குடுத்தா டயோடுல 0.6 போக 4.4 வோல்ட் வருது, செல்லுல இருக்கிறது 3. மீதி 1.4 வோல்டை 200 ஓமால வகுத்தா 7 மில்லி ஆம்பியர். அதாவது சார்ஜே ஏத்தக்கூடாத ஒரு செல்லுக்குள்ள ராத்திரி பகலா கரண்டைத் திணிச்சுக்கிட்டு இருந்திருக்கோம், அதுவும் மொட்டை மாடியில, நெல்லை மே மாச வெயில்ல, மூடின பெட்டிக்குள்ள. உப்பாம என்ன செய்யும்? சொல்லப்போனா சார்ஜ் ஏத்துற செல்லுக்கே 4.2 வோல்ட்தான் எல்லை. 5 வோல்ட்ல அந்த சர்க்யூட் யாருக்குமே நல்லதில்ல.

நீங்க இந்த மாட்யூலை வச்சு எதாவது பண்ணிக்கிட்டு இருந்தீங்கன்னா பாட்காஸ்டை பாஸ் பண்ணிட்டு போய்ப் பாருங்க. அந்த ரெசிஸ்டரையோ டயோடையோ சோல்டரிங் அயர்ன் வச்சு எடுத்துடுங்க. இல்லைன்னா மாட்யூலை 3.3 வோல்ட்ல ஓட்டுங்க, அப்ப டயோடைத் தாண்டி 2.7தான் போகும், நல்ல செல்லுக்குள்ள ஏறாது.

சரி, பட்டன் செல் செத்திருந்தாலும் மெயின் பவர் இருந்தவரைக்கும் கடிகாரம் ஓடியிருக்கும். அது அப்படித்தான் எத்தனை மாசம் ஓடிச்சோ, யாருக்கும் தெரியாம. மெயின் பவர் ஏன் போச்சு?

இங்கதான் பெரிய பேட்டரி. அந்த வாரம் முழுக்க மேகமூட்டம், பேனல் பேருக்குத்தான் இருந்துச்சு. 7 ஆம்பியர்-அவர்னு ஸ்டிக்கர்ல போட்டிருந்தாலும் லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல காலி பண்ணா அதோட ஆயுசு குறையும். ஆக கையில 3.5. எங்க மைக்ரோகன்ட்ரோலர் தூங்கும்போது அரை மில்லி ஆம்பியர்தான் எடுக்கும், ஒரு நாளைக்கு 12 மில்லி ஆம்பியர்-அவர். இதைக் கணக்குப் போட்டுப் பெருமைப்பட்டோம். கணக்குல விட்டது என்னன்னா, லைட்டுகள். மூடியில இருக்கிற பச்சை லைட்டைச் சொல்லல. போர்டுல ஒரு பவர் எல்இடி, எஸ்டி கார்டு மாட்யூல்ல ஒண்ணு, கடிகார மாட்யூல்ல ஒண்ணு, ரெகுலேட்டர் போர்டுல ஒண்ணு. மூடின பெட்டிக்குள்ள, ஒருத்தரும் பார்க்காம, ரெண்டு வருஷமா இருபத்திநாலு மணி நேரமும் எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. எல்லாம் சேர்த்து அளந்தப்ப 10 மில்லி ஆம்பியர் பக்கம். நாங்க போட்டிருந்தது லீனியர் ரெகுலேட்டர், 5 வோல்ட் பக்கம் எவ்வளவு கரண்டோ அதே கரண்டை 12 வோல்ட் பேட்டரியில இருந்தும் இழுக்கும். நாளைக்கு 240. மூளைக்கு 12, அலங்கார விளக்குக்கு 240. திருவிழா வீட்டு கரண்ட் பில் மாதிரி.

இதுக்கு மேல மோடம். அந்த மோடம் டவரோட பேசும்போது ஒரு நொடியோட சின்னத் துண்டு நேரத்துக்கு 2 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். ஊர்ல டவர் எல்லாம் அணைஞ்ச பிறகு அது என்ன பண்ணும்? தேடும். கிடைக்கலையா, மறுபடி தேடும். பத்து தடவை கிடைக்கலைன்னா அரை மணி நேரம் சும்மா இருன்னு நாங்க கோடுல எழுதல. ஏன்னா சென்னையில என் ரூம்ல டெஸ்ட் பண்ணப்ப டவர் எப்பவுமே இருந்துச்சு. பேட்டரி வோல்டேஜ் இறங்கி 11 பக்கம் வந்ததும் சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் தன் கடமையைச் செஞ்சுச்சு: பேட்டரியைக் காப்பாத்த மொத்தப் பெட்டியையும் துண்டிச்சிருச்சு. கொஞ்சம் வெளிச்சம் வந்து வோல்டேஜ் ஏறினதும் திரும்ப இணைச்சுச்சு. பவர் வந்ததும் பெட்டி எழுந்துச்சு, கடிகாரத்தைப் பார்த்துச்சு, 2000 ஜனவரி 1. சரின்னு எண்ண ஆரம்பிச்சிருச்சு. பச்சை லைட்டு மினுங்க ஆரம்பிச்சிருச்சு. மாமா மாடிக்குப் போனப்ப பார்த்தது அதைத்தான்.

இதுல என்னை ரொம்ப நாள் தூங்க விடாத விஷயம் ஒண்ணு உண்டு. அந்த சிப்புக்குத் தெரியும். டிஎஸ்3231ல ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர்னு ஒண்ணு இருக்கு, அதுல ஏழாவது பிட் "ஆசிலேட்டர் நின்னுச்சு" கொடி. கடிகாரம் ஒரு தடவை நின்னுட்டா அது 1 ஆகும், நாம அழிக்கிற வரைக்கும் 1ஆவே இருக்கும். அதாவது "என் நேரத்தை நம்பாதீங்க"ன்னு சிப்பே கை தூக்கி நிக்குது. லைப்ரரியில அதைக் கேக்க "லாஸ்ட் பவர்"னு ஒரு ஃபங்ஷனே இருக்கு. ஒரே ஒரு வரி. நாங்க அதைக் கூப்பிடவே இல்ல.

இதுல ஒரு ஆறுதல் வேற. அந்த லைப்ரரியோட சாம்பிள் கோடை அப்படியே காப்பி பண்ணியிருந்தா இன்னும் மோசம். அதுல "பவர் போயிருந்தா, கோடு கம்பைல் ஆன நேரத்தைக் கடிகாரத்துல வை"ன்னு இருக்கும். மேசை மேல டெஸ்ட் பண்ண அது வசதி. மாடியில இருக்கிற பெட்டியில அப்படி இருந்தா ஒவ்வொரு தடவையும் 2021ல ஏதோ ஒரு நாள்னு நம்பும்படியா ஒரு தேதி விழுந்திருக்கும், அதைப் பழைய டேட்டான்னு நினைச்சு எங்கேயாவது கலந்து விட்டிருப்போம். 2000 ஜனவரி 1ன்னு பார்த்ததும் தப்புன்னு தெரியுது. தப்பு தப்பு மாதிரியே தெரியறது பெரிய வரம்.

ஒரு டிக்கா, ரெண்டு டிக்கா

இப்ப அந்தப் பச்சை லைட்டுக்கு வர்றேன். சென்னைக்குத் திரும்பி வந்து பெட்டியை மேசையில வச்சு ஒரு டெஸ்ட் பண்ணோம். ஓடிக்கிட்டு இருக்கும்போதே எஸ்டி கார்டை உருவினேன். லைட்டு மினுங்குச்சு. மழை சென்சார் வயரைப் பிடுங்கினேன். மினுங்குச்சு. கோடுல வேணும்னே ஒரு இடத்துல முடிவே இல்லாத லூப் போட்டு புரோகிராமை உறைய வச்சேன். அப்பவும் சந்தோஷமா மினுங்குச்சு. ஏன்னா அந்த லைட்டை நான் டைமர் இன்டரப்ட்ல மாட்டியிருந்தேன். மெயின் புரோகிராம் செத்தாலும் டைமர் ஓடும், டைமர் ஓடினா லைட்டு மினுங்கும். "எல்லாம் சரி"ன்னு நாங்க மாமாகிட்ட சொன்ன லைட்டுக்கு உண்மையான அர்த்தம் "5 வோல்ட் இருக்கு, டைமர் ஓடுது". அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்ல ஒரு டிக்குக்கும் ரெண்டு டிக்குக்கும் வித்தியாசம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. ஒரு டிக், நான் அனுப்பிட்டேன். ரெண்டு டிக், அங்க போய்ச் சேர்ந்துச்சு. உலகத்துல பாதி ஸ்டேட்டஸ் லைட்டு ஒரு டிக் லைட்டுதான். ஆனா நாம அதை ரெண்டு டிக்கா வாசிக்கிறோம்.

இதுக்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் அமெரிக்காவுல, பென்சில்வேனியா மாநிலத்துல, த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை. 1979 மார்ச் 28, விடிகாலை 4 மணி. அழுத்தம் கூடினதும் ஒரு ரிலீஃப் வால்வு தானா திறந்துச்சு. அழுத்தம் குறைஞ்சதும் மூடணும். மூடல, திறந்தபடியே மாட்டிக்கிச்சு. உலையைக் குளிர வைக்க வேண்டிய தண்ணி அது வழியா வெளிய போய்க்கிட்டே இருந்துச்சு. கன்ட்ரோல் ரூம்ல அந்த வால்வுக்குன்னு ஒரு லைட்டு உண்டு. லைட்டு அணைஞ்சிருந்துச்சு. அணைஞ்சா மூடியாச்சுன்னு ஆபரேட்டர்கள் எடுத்துக்கிட்டாங்க. ஆனா அந்த லைட்டு வால்வோட இணைக்கப்பட்டதே இல்ல. வால்வைத் திறக்கிற மின்சுருளுக்குக் கரண்ட் போகுதா இல்லையாங்கிறதை மட்டும்தான் அது காட்டுச்சு. "மூடுன்னு சொல்லியாச்சு"ங்கிறதை "மூடிருச்சு"ன்னு வாசிச்சாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, வேற ஒரு வால்வை அடைச்சு அந்த ஒழுக்கை நிறுத்த. அதுக்குள்ள உலையோட மையத்துல பாதி உருகற அளவுக்குப் போயிருச்சு. லைட்டு மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன், அங்க இன்னும் பல குழப்பம் இருந்துச்சு. ஆனா அந்த லைட்டுதான் அவங்களைத் தப்பான பக்கம் திருப்பி உக்கார வச்சது.

இதுக்கு நேர் எதிரான, ஒழுங்கான ஒரு லைட்டை நான் தெரிஞ்சுக்கிட்டது நண்பனோட அப்பாகிட்ட. அவர் மின்வாரியத்துல சப்ஸ்டேஷன் ஆபரேட்டரா இருந்தவர். எங்க கதையைக் கேட்டுட்டு, "ஏம்ப்பா, ட்ரிப் சர்க்யூட் ஹெல்தி லாம்ப்புன்னு கேள்விப்பட்டதில்லையா?"ன்னார். பவர் ஹவுஸ், சப்ஸ்டேஷன் எல்லாத்துலயும் ஒரு பேட்டரி ரூம் இருக்கும். வெளிய மொத்த ஊரும் இருட்டானாலும் உள்ள பிரேக்கரை ட்ரிப் பண்ண, ரிலேக்கள் வேலை செய்ய, அந்த டிசி சப்ளைதான். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944லேயே ஓட ஆரம்பிச்சது, இப்ப நாலு மெஷின், 32 மெகாவாட். அந்தக் காலத்து டிசைன்காரங்களுக்கு மைக்ரோகன்ட்ரோலர் கிடையாது, கோடு கிடையாது. ஆனா ஒரு அழகான தந்திரம் இருந்துச்சு. பிரேக்கரை ட்ரிப் பண்ற காயிலோட ஒரு விளக்கை சீரீஸ்ல போட்டுருவாங்க. விளக்கோட ரெசிஸ்டன்ஸ் அதிகம்ங்கிறதால காயில் இயங்கற அளவுக்குக் கரண்ட் போகாது, ஆனா விளக்கு எரியும். விளக்கு எரியணும்னா பேட்டரி இருக்கணும், ஃபியூஸ் இருக்கணும், வயர் அறுந்திருக்கக் கூடாது, காயில் எரிஞ்சிருக்கக் கூடாது. எது போனாலும் விளக்கு அணையும். ஆபத்து வந்தா எந்த வழியா கரண்ட் போகணுமோ அதே வழியாத்தான் அந்த விளக்குக்கும் கரண்ட் வருது.

எனக்கு இதைக் கேட்டதும் கொஞ்சம் அவமானமா இருந்துச்சு. நான் ஆறு வருஷமா சர்வர்களுக்கு ஹெல்த் செக் எழுதுறவன். "ஓகே"ன்னு மட்டும் பதில் சொல்லிட்டு டேட்டாபேஸைத் தொட்டே பார்க்காத ஹெல்த் செக்கை கோட் ரிவ்யூல எத்தனை தடவை திட்டியிருப்பேன்!

பேட்டரியைப் பத்திப் பேசறப்ப ஃபுகுஷிமாவையும் சொல்லணும். 2011 மார்ச் 11, சுனாமித் தண்ணி உள்ள புகுந்து 1, 2ஆவது யூனிட்ல டிசி பேட்டரி சப்ளையும் போயிருச்சு. கன்ட்ரோல் ரூம்ல அளவுமானிகள் எல்லாம் இருட்டு. உலைக்குள்ள தண்ணி எவ்வளவு இருக்குன்னே தெரியல. ஊழியர்கள் வளாகத்துல நின்ன வண்டிகள்ல இருந்து கார் பேட்டரியைக் கழட்டிட்டு வந்து, பேனலுக்குப் பின்னாடி வயர்ல மாட்டி, டார்ச் வெளிச்சத்துல ரீடிங் எடுத்தாங்க. அப்படி உயிர் குடுத்துப் பார்த்த முதல் யூனிட் தண்ணி அளவு பின்னாடி தப்புன்னு தெரிஞ்சது, அது தனிக் கொடுமை.

இதெல்லாம் பேசறப்ப நெல்லைக்காரங்க என்னைக் கேப்பாங்க, பேட்டரியே இல்லாத ஸ்டேட்டஸ் லைட்டு நம்ம ஊர்ல இருக்கேன்னு. உண்மைதான். குறுக்குத்துறை முருகன் கோயில். ஆத்துக்குள்ளயே இருக்கிற கோயில், பெரிய வெள்ளம் வந்தா முங்கும். "கோயில் முங்கிட்டா?"ன்னு கேட்டாப் போதும், டவுன்ல இருக்கிறவங்களுக்கு ஆறு எந்த அளவுல போகுதுன்னு புரியும். அந்த அளவுமானி நேரா தண்ணியிலேயே நிக்குது, நடுவுல எந்த சுருளும் வயரும் இல்ல. என்ன, அது முங்கும்போது தண்ணி ஏற்கனவே டவுனுக்கு வந்தாச்சு. மலையில பெய்யறப்பவே தெரியணும்னாதான் பெட்டி வேணும்.

புதுப் பெட்டி

2024ல மாத்தினதைச் சொல்றேன். போர்டுல இருந்த அலங்கார எல்இடி எல்லாத்தையும் கட்டர் வச்சுப் பிடுங்கிட்டோம். மூடி லைட்டு இப்ப பத்து செகண்டுக்கு ஒரு தடவை, வெறும் 10 மில்லி செகண்ட் மட்டும் எரியும். கண்ணுக்கு அது நல்லாவே தெரியும். 10 மில்லி ஆம்பியர் லைட்டு ஆயிரத்துல ஒரு பங்கு நேரம்தான் எரியுது, சராசரி 10 மைக்ரோ ஆம்பியர். மோடம் பத்து நிமிஷத்துல டவர் கிடைக்கலைன்னா தூங்கப் போயிரும், ஒவ்வொரு தோல்விக்கும் தூக்கம் கூடும்.

முக்கியமான மாத்தம், லைட்டை டைமர்ல இருந்து கழட்டிட்டோம். ஒவ்வொரு சுத்துலயும் கார்டுல ஒரு வரி எழுதி, அதைத் திரும்ப வாசிச்சு, ரெண்டும் ஒண்ணுதான்னு பார்த்த பிறகுதான் மினுங்கும். ஒரு மினுங்கல்னா எல்லாம் சரி. ரெண்டுன்னா கடிகாரம்: அந்தக் கொடி 1 ஆயிருக்கு, இல்ல பட்டன் செல் பலவீனம். மூணுன்னா கார்டு. நாலுன்னா பெரிய பேட்டரி. ஒண்ணுமே இல்லைன்னா எங்களுக்கு போன் பண்ணணும், ஏன்னா செத்த பெட்டியால சிவப்பு லைட்டு போட்டு உதவி கேக்க முடியாது. சிவப்பு, பச்சைன்னு ரெண்டு கலர் வைக்கலாம்னு நண்பன் சொன்னான். மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகல, சாயங்கால வெளிச்சத்துல கலர் பிரிச்சுப் பார்க்கிறது கஷ்டம். எண்ணிக்கை யாருக்கும் புரியும்.

பட்டன் செல்லை அளக்கிறது நினைச்சதை விடக் கஷ்டமா இருந்துச்சு. லித்தியம் செல் கடைசி வரைக்கும் 3 வோல்ட் கிட்டவே காட்டிட்டு திடீர்னு விழும், அதனால ஒரு சின்ன லோடு குடுத்து அளக்கணும். நேரா மைக்ரோகன்ட்ரோலர் பின்னுல மாட்டினா இன்னொரு வம்பு: மெயின் பவர் போனதும் பட்டன் செல் அந்தப் பின் வழியாவே மொத்த போர்டையும் ஓட்டப் பார்க்கும், ஒரே ராத்திரியில காலி. நடுவுல ஒரு குட்டி சுவிட்ச் மாஸ்ஃபெட் போட்டு, நாளைக்கு ஒரு தடவை மட்டும் திறந்து அளக்கிறோம். கேம்ப்பெல் சயின்டிஃபிக் மாதிரி தொழில்முறை லாகர்கள்ல ஸ்டேட்டஸ் டேபிள்ல உள் லித்தியம் பேட்டரி வோல்டேஜுக்குன்னே ஒரு வரி இருக்கும். அவங்களும் எங்கேயோ அடிபட்டுத்தான் அந்த வரியைச் சேர்த்திருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

கடைசியா, ஒவ்வொரு வரியிலயும் ரெண்டு புது எண். இது எத்தனாவது தடவை பெட்டி ஆன் ஆனது, ஆன் ஆகி எத்தனை செகண்ட். நேரம் தொலைஞ்சாலும் வரிசை தொலையாது.

பழைய டேட்டாவை மீட்க முடிஞ்சதான்னு கேப்பீங்க. கொஞ்சம். கடைசித் துண்டு ஓடிக்கிட்டு இருக்கும்போது டவர் திரும்ப வந்துச்சு, மோடம் அனுப்பின வரிகள் எங்க சர்வருக்கு எப்ப வந்து சேர்ந்துச்சுன்னு பதிவு இருக்கு. அதை ஆணியா அடிச்சு அந்தத் துண்டை மட்டும் சரியான நேரத்துல மாட்டிட்டோம். மத்த அஞ்சு துண்டும் மிதக்குது. ஒவ்வொண்ணுக்குள்ளயும் எத்தனை நிமிஷத்துல எவ்வளவு பெய்ஞ்சதுன்னு தெரியும். ஒரு துண்டு முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிறதுக்குள்ள பெட்டி எவ்வளவு நேரம் அணைஞ்சு கிடந்துச்சுன்னு கண்டுபிடிக்க வழியில்ல, அப்ப கவிழ்ந்த கிண்ணத்தை எண்ணவும் ஆள் இல்ல. "17ஆம் தேதி ராத்திரி எத்தனை மணிக்குல மழை கூடுச்சு?"ன்னு மாமா ஒரு தடவை கேட்டார். அன்னைக்கு அவரும் அத்தையும் விடிய விடிய முழிச்சிருந்தவங்க. "ஒரு மணி இருக்கும்"னு அவர் சொல்றார், "மூணுக்கு மேலதான்"னு அத்தை சொல்றாங்க. அதைத் தீர்த்து வைக்கத்தான் பெட்டி வச்சேன்.

போன மாசம் மாமாகிட்ட இருந்து போன். "மருமவனே, ரெண்டு மினுங்கு மினுங்குதுல்லா." கார்டு, தேதி எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, பட்டன் செல் மட்டும் இறங்கியிருக்கு. மெயின் பவரை அணைக்காம, பெட்டி ஓடும்போதே செல்லை மாத்துங்க மாமா, அப்பதான் நேரம் போகாதுன்னு சொன்னேன். அம்பையில வாட்ச் கடைக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வந்து, சாயங்காலம் அவரே மாடி ஏறி மாத்திட்டார். ராத்திரி வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ வந்துச்சு, முப்பது செகண்ட், முழுக்க இருட்டு. மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு மினுங்கல். பின்னாடி அவர் எண்ற சத்தம் கேக்குது.